இரண்டு டிவிஷனுக்கு நடுவே ஒரு மலை: பேசும் ரேடியோ செய்ய என்ன பாகங்கள் வேண்டும்?

நோர்வூட் தம்பி

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் தோட்டத்தில் மேல் டிவிஷனுக்கும் கீழ் டிவிஷனுக்கும் நடுவில் ஒரு மலை முதுகு நிற்கிறது. நேராகப் பார்த்தால் இரண்டு கிலோமீற்றர்கூட வராது, பாதையைச் சுற்றிப் போனால் முக்கால் மணி நேரம். பெருமழை பிடித்துக் கரண்ட் போனால் கொஞ்ச நேரத்தில் ஃபோன் சிக்னலும் போய்விடுகிறது. மண் சரிவதும் அந்த நேரத்தில்தான். மேல் லயத்தில், அதாவது தொழிலாளர் குடியிருப்பில், ஏதாவது ஆனால் கீழே சொல்ல இருட்டில் ஒரு ஆள் ஓட வேண்டும்.

யூடியூபில் ஒரு ட்ரான்சிஸ்டர், ஒரு கொயில், ஒரு மைக் வைத்து வோக்கிடோக்கி செய்து காட்டுகிறார்கள். எனக்கு சோல்டர் பிடிக்கத் தெரியும், பழைய ரேடியோக்களைக் கழற்றி மாட்டிப் பழக்கம் இருக்கிறது. என்னென்ன பாகங்கள் வாங்க வேண்டும், எத்தனை வாட் இருந்தால் மலையைத் தாண்டும் என்று தெரிந்த அண்ணன்மார் சொன்னால் பெரிய உதவி.

பொகவந்தலாவைக்காரன்

தம்பி, இந்தக் காலத்தில் இதற்கு ஏன் இவ்வளவு பாடு? மழையில் சிக்னல் போகிறது என்றால் வேறு சிம் போட்டுப் பாருங்கள். இல்லாவிட்டால் ஒன்லைனில் ஐந்து வாட் வோக்கிடோக்கி இரண்டு வாங்கினால் முடிந்தது. பெட்டியில் பத்து கிலோமீற்றர் என்று போட்டிருக்கிறது, உங்களுக்கு வேண்டியது இரண்டுதானே.

ஹட்டன் பட்டறை

தம்பி, நல்ல காரியத்துக்குக் கேட்கிறீர்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். முதலில் பொகவந்தலாவை அண்ணனுக்கு ஒரு பதில். ஃபோன் சிக்னல் போவதற்கு மழை காரணமில்லை. டவருக்கு வரும் கரண்ட் போகிறது, அப்புறம் டவரில் இருக்கும் பெட்டரி இறங்குகிறது, அவ்வளவுதான். மழை ரேடியோ அலையை உறிஞ்சுவது எல்லாம் 10 கிகாஹேர்ட்ஸுக்கு மேலேதான் பெரிதாகத் தெரியும். டிஷ் டீவி அந்தப் பக்கத்தில் இருப்பதால்தான் அடைமழையில் படம் நின்று போகிறது. அமெச்சூர்கள், அதாவது அனுமதி வாங்கிச் சொந்த ஆர்வத்துக்காக ரேடியோவில் பேசுகிறவர்கள், பயன்படுத்தும் 145 மெகாஹேர்ட்ஸில் மழை பெய்வதே தெரியாது. வேறு சிம் போட்டாலும், ஒரே டவரில் இரண்டு மூன்று கம்பனிகளின் கருவிகள் தொங்கினால் எல்லாம் ஒன்றாகத்தான் அணையும்.

இப்போது பாகங்கள். பேசும் ரேடியோ என்பது ஒரே பெட்டிக்குள் இரண்டு கருவி. ஒன்று அனுப்புவது, ஒன்று கேட்பது. எண்டெனா ஒன்றுதான் என்பதால் பேச்சுப் பொத்தானை அமுக்கும்போது அது அனுப்பும் பக்கத்துக்கும், விட்டதும் கேட்கும் பக்கத்துக்கும் மாறும். பழைய செட்டில் இந்த வேலையை ரிலே செய்யும், 'டிக்' என்ற சத்தம் கேட்கும். புது செட்டில் பின் டயோட் என்ற வகை டயோட் சத்தமில்லாமல் செய்கிறது. அதனால்தான் ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே பேச முடியாது, முடித்துவிட்டு 'ஓவர்' சொல்கிறோம்.

அனுப்பும் பக்கத்தில் மைக் முதலில். சிறிய வட்டமான எலக்ட்ரட் மைக்குக்கு ஒரு ரெசிஸ்டர் வழியாக வோல்ட்டேஜ் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் ஊமை. 2.2 கிலோ ஓம், அதாவது சிவப்பு சிவப்பு சிவப்பு, சரியாக வரும். அதன் பின்னால் குரலைப் பெரிதாக்க பிசி 547 மாதிரி ஒரு சின்ன ட்ரான்சிஸ்டர். அடுத்தது ஒசிலேட்டர், அலையை உண்டாக்குகிற இடம். கொயிலும் கெப்பாசிட்டரும் சேர்ந்து எந்த அலைவரிசையில் ஆட வேண்டும் என்பதை முடிவு செய்கின்றன. குரலுக்கு ஏற்ப அந்த அலைவரிசையை லேசாக மேலும் கீழும் அசைத்தால் அது எஃப்எம். அசைக்கிறது வரக்டர் டயோட், வோல்ட்டேஜ் மாறினால் அதன் கொள்ளளவும் மாறும். அப்புறம் அலையைப் படிப்படியாகப் பலமாக்கும் டிரைவர், பவர் ட்ரான்சிஸ்டர், கடைசியில் ஒரு லோ பாஸ் ஃபில்டர். இந்தக் கடைசிச் சாமான்தான் யூடியூப் சேர்கிட்டில் இருப்பதே இல்லை. 145இல் அனுப்பும் எந்த பவர் ட்ரான்சிஸ்டரும் 290இலும் 435இலும் கொஞ்சம் சேர்த்தே அனுப்பும். அவற்றைத் தடுக்க மூன்று நான்கு கொயில், கெப்பாசிட்டர் போதும். போடாவிட்டால் உங்கள் குரல் அடுத்தவன் வீட்டுக்குள் போய் நிற்கும்.

கேட்கும் பக்கம் இதைவிடக் கஷ்டம். எண்டெனாவில் வருவது மைக்ரோவோல்ட் கணக்கு. 145 மெகாஹேர்ட்ஸ் அலையை அப்படியே பெரிதாக்கி வடிகட்டுவது சிரமம், அதனால் செட்டுக்குள்ளேயே 134.3 மெகாஹேர்ட்ஸ் அலை ஒன்றை உண்டாக்கி இரண்டையும் மிக்சரில் கலப்பார்கள். வித்தியாசம் 10.7 மெகாஹேர்ட்ஸ். அதற்கென்றே கிறிஸ்டல் ஃபில்டர்கள் ரெடியாகக் கிடைக்கின்றன. அங்கிருந்து இன்னொரு தடவை 455 கிலோஹேர்ட்ஸுக்கு இறக்கி, குரலைப் பிரித்து, எல்எம் 386 மாதிரி ஐசியில் பெருக்கி ஸ்பீக்கருக்குக் கொடுப்பார்கள்.

கேட்கும் பக்கத்தை முதலில் கட்டுங்கள் தம்பி. அதில் கற்றுக்கொள்வதுதான் கைக்கு வரும்.

தலவாக்கலை மாணவி

நான் உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கிறேன். பட்டறை அண்ணன் சொன்ன கொயில், கெப்பாசிட்டர் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 0.1 மைக்ரோஹென்றி, 12 பிக்கோஃபாரட் எடுத்தால் 145 மெகாஹேர்ட்ஸ் வருகிறது. 6 மில்லிமீற்றர் ட்ரில் பிட்டில் ஆறு சுற்றுச் சுற்றினால் அந்த மைக்ரோஹென்றி ஏறக்குறைய கிடைக்கும் என்று சூத்திரம் சொல்கிறது. எங்கள் பாடப்புத்தகத்தில் பரிவு (ரெசனன்ஸ்) என்று நான்கு வரிதான் இருந்தது, இப்படி ஒரு சாமானாக அது நம் கைக்குள் வரும் என்று நினைத்தே பார்க்கவில்லை!

ஒரு சந்தேகம். 12 பிக்கோஃபாரட் மிகச் சிறியது. கை பக்கத்தில் போனாலே மாறிவிடாதா?

ஹட்டன் பட்டறை

மாறும் தங்கச்சி, சரியான இடத்தில் பிடித்தீர்கள். கை போனால் மாறும், ட்ரான்சிஸ்டர் சூடானால் மாறும், பெட்டரி இறங்கினால் மாறும். ஆயிரத்தில் ஒரு பங்கு நகர்ந்தாலே 145 கிலோஹேர்ட்ஸ். 12.5 கிலோஹேர்ட்ஸ் இடைவெளியில் சனல் இருக்கும் உலகத்தில் அது பதினொரு சனலைத் தாண்டிப் போன கதை. அதனால்தான் குவார்ட்ஸ் கிறிஸ்டல் போடுகிறோம். சாதாரண கிறிஸ்டல் பத்து லட்சத்தில் பத்துப் பங்கு நகரும் என்று வைத்தாலும் 145 மெகாஹேர்ட்ஸில் அது ஒன்றரை கிலோஹேர்ட்ஸுக்குள் அடங்கிவிடும். இப்போதைய செட்டுகளில் ஒரே ஒரு கிறிஸ்டலை வைத்துக்கொண்டு ஒரு ஐசி மற்ற எல்லா அலைவரிசைகளையும் அதிலிருந்து பூட்டி எடுக்கிறது.

ஊவா அலைவரிசை

பண்டாரவளைப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். அமெச்சூர் அனுமதிப்பத்திரம் வைத்திருக்கிறேன், நம் இலங்கைக்காரர்களின் அழைப்புக்குறி 4எஸ் என்று தொடங்கும், 4எஸ்7 என்று கேட்டிருப்பீர்கள்.

நோர்வூட் தம்பி, தயவுசெய்து அந்த ஒற்றை ட்ரான்சிஸ்டர் சேர்கிட்டில் அனுப்பிப் பார்க்க வேண்டாம். அவற்றில் பெரும்பாலானவை 88 முதல் 108 மெகாஹேர்ட்ஸ் வரையான எஃப்எம் வானொலிப் பட்டையில் ஆடுகிறவை. 108ஐத் தாண்டிய உடனே விமானங்களுக்கு வழிகாட்டும் கருவிகள், 118 முதல் 137 வரை விமானிகள் பேசுகிற பட்டை. பெட்டரி இறங்க இறங்க நகருகிற ஒரு சாமானை மலை உச்சியில் வைத்தால் அது எவ்வளவு தூரம் போய் யாரைக் குழப்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. மலை எங்கள் சிக்னலையும் தூக்கிக்கொண்டு போகும், எங்கள் பிழையையும் தூக்கிக்கொண்டு போகும்.

அடுத்தது சட்டம். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின் கீழ், அனுப்பும் கருவியை அனுமதியில்லாமல் பயன்படுத்த முடியாது. ஒன்லைனில் வாங்கும் செட்டுக்கும் இது பொருந்தும், பொகவந்தலாவை அண்ணன் கவனிக்கவும். இதற்குப் பயப்படத் தேவையில்லை. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுதான் அமெச்சூர் பரீட்சையை நடத்துகிறது. அதில் வருவது பட்டறை அண்ணன் மேலே எழுதிய விஷயங்கள்தான், கூடவே கொஞ்சம் விதிமுறை. ஆனால் அமெச்சூர் அலைவரிசையில் தோட்டத்து அன்றாட வேலைகளைப் பேச முடியாது. கொழுந்து நிறை, லொறி வந்ததா என்பதற்கெல்லாம் நிர்வாகம் தன் பெயரில் தனி அலைவரிசைக்கு விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் தேவைக்கு இரண்டு வழியையும் சேர்த்து யோசியுங்கள். நிர்வாகத்திடம் பேசிப் பாருங்கள், அதேநேரம் நீங்களும் தங்கச்சியும் பரீட்சைக்குப் படியுங்கள்.

2004 சுனாமியில் தென்கரையோரம் ஃபோன் இல்லாமல் கிடந்தபோது இந்த நாட்டு அமெச்சூர்கள்தான் செட்டைத் தூக்கிக்கொண்டு போய்ச் செய்தி கொடுத்தார்கள். மலையகத்தில் அப்படிப் போய் நிற்கக்கூடிய தமிழ் பேசும் ஆட்கள் மிகக் குறைவு. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் ரேடியோவில் ஒழுங்காகச் செய்தி சொல்லத் தெரிந்த ஒருவராவது இருக்க வேண்டும் என்று நான் திரும்பத் திரும்ப எழுதுவது அதற்காகத்தான்.

பொகவந்தலாவைக்காரன்

அனுமதி விஷயம் எனக்குத் தெரியாது, சொன்னதற்கு நன்றி. சரி, அனுமதி எடுத்து ஐந்து வாட் செட் வைத்தால் மலையைத் தாண்டுமா தாண்டாதா? போதாவிட்டால் ஐம்பது வாட் வைக்கலாமே.

ஊவா அலைவரிசை

இங்கேதான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். ஐந்து வாட்டை ஐம்பது ஆக்கினால் கிடைப்பது பத்து மடங்கு, ரேடியோக் கணக்கில் 10 டெசிபெல். நடுவில் நிற்கிற மலை முதுகு 20, 30 டெசிபெல், அதாவது நூறு, ஆயிரம் மடங்கு தின்றுவிடும். வாட்டை ஏற்றி மலையை வெல்ல முடியாது. எண்டெனா நிற்கும் இடத்தை மாற்றினால் வெல்லலாம்.

கணக்கு இப்படி. எண்டெனா எத்தனை மீற்றர் உயரத்தில் இருக்கிறதோ அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் ரேடியோ அலைக்குத் தொடுவானம் எத்தனை கிலோமீற்றர் என்று வரும். சமதரையில் கையில் பிடித்த செட்டுக்குச் சுமார் 5 கிலோமீற்றர், இரண்டு பக்கமும் சேர்த்தால் 10. பெட்டியில் போட்டிருக்கும் பத்து அதுதான், நடுவில் புல்லைத் தவிர எதுவும் இல்லாத சமதரைக்கு. 2524 மீற்றர் உயரமான பிதுருதலாகலைக்கு இதே கணக்கைப் போட்டால் 200 கிலோமீற்றரைத் தாண்டும். ரூபவாஹினி தொலைக்காட்சி 1982இல் தொடங்கியபோது பிரதான ஒளிபரப்பியை அந்த உச்சியில் வைத்தது சும்மா இல்லை.

உங்கள் இடத்தில் செய்யக்கூடியது மூன்று. முதலாவது, மலை முதுகு கண்ணுக்குத் தெரிகிற இடமாகப் பார்த்து இரண்டு டிவிஷனிலும் எண்டெனாவை வெளியே, கூரைக்கு மேலே வைப்பது. 145 மெகாஹேர்ட்ஸ் அலை கூரான மலை முதுகைத் தொட்டுக் கொஞ்சம் வளைந்து இறங்கும், எதிர்ப்பக்கக் கற்பாறையில் பட்டுத் திரும்பியும் வரும். முதுகுக்கு அடியில் ஒட்டி நின்றால் கிடைக்காது, கொஞ்சம் தள்ளிப் போய் நின்றால் கிடைக்கும். 400 மெகாஹேர்ட்ஸ் செட் இந்த வேலைக்கு அவ்வளவு தோதில்லை, ஈர இலையும் மரமும் அதைக் கூடுதலாகத் தின்னும். இரண்டாவது, முதுகின் மேல் ஒரு ஆள். இரண்டு பக்கமும் பார்க்கிற இடத்தில் ஒருவர் செட்டோடு நின்று, கேட்டதைத் திருப்பிச் சொல்வார். கூடுதல் கருவி எதுவும் வேண்டாம், எழுதிக்கொள்ள ஒரு கொப்பி மட்டும் போதும். மூன்றாவது ரிப்பீட்டர், அந்த ஆளின் வேலையைக் கருவி செய்யும். ஒரு அலைவரிசையில் கேட்டுக்கொண்டே 600 கிலோஹேர்ட்ஸ் தள்ளி இன்னொன்றில் அனுப்பும். தன் குரல் தன் காதையே அடைக்காமல் இருக்கப் பெரிய உலோகக் குழாய் ஃபில்டர்கள் வேண்டும், சோலார் வேண்டும், தனி அனுமதி வேண்டும். முதல் வருடத்தில் இதை யோசிக்க வேண்டாம்.

தலவாக்கலை மாணவி

விமானிகள் பேசுவது ஏஎம், அதாவது குரலுக்கு ஏற்ப அலையின் பலத்தை அசைக்கும் முறை, என்று படித்தேன். எஃப்எம்தானே தெளிவு, ஏன் அவர்கள் மாறவில்லை?

ஊவா அலைவரிசை

எஃப்எம்மில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் அனுப்பினால் பலமானவர் மட்டும் கேட்பார், மற்றவர் இருந்ததே தெரியாது. காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பிரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை உரத்துக் கூப்பிடும்போது பின்னால் நிற்பவர் சொன்னது அமுங்கிப் போவது போலத்தான். ஏஎம்மில் இரண்டும் கலந்து கீச்சென்று கேட்கும். இன்னொருவரும் கூப்பிட்டார் என்றாவது கட்டுப்பாட்டு அறைக்குத் தெரியும். வானத்தில் அது உயிர் விஷயம்.

நமக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. அவசர நேரத்தில் பேசி முடித்ததும் இரண்டு மூன்று விநாடி இடைவெளி விட வேண்டும். பலமில்லாத செட் வைத்திருக்கும் ஒருவருக்கு உள்ளே நுழைய அந்த இடைவெளிதான் வாசல்.

நோர்வூட் தம்பி

எல்லாவற்றையும் கொப்பியில் எழுதிக்கொண்டேன். எத்தனை வாட் என்று கேட்டு வந்தவன் இப்போது கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். முதலில் கேட்கும் செட், பரீட்சைக்குப் படிப்பு, நிர்வாகத்தில் பேச்சு. இதுதான் முடிவு.

ஸ்டோரில் கைவிடப்பட்ட பழைய வோக்கிடோக்கி ஒன்று கிடக்கிறது, லைட் எரிகிறது, சத்தம் வரவில்லை. அதைத் திறந்து பார்க்கலாமா?

ஹட்டன் பட்டறை

தாராளமாக. எங்கள் பட்டறைக்கு வருவதில் பாதி இந்தக் கேஸ்தான், காரணம் அநேகமாக நம் பனியும் ஈரமும்.

பெட்டரியைக் கழற்றிவிட்டு எண்டெனா திருகுகிற இடத்தைப் பாருங்கள். போர்டில் அதன் நடு ஊசி சோல்டர் ஆன இடத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தால், தலைமயிர் அளவில் வட்டமாக ஒரு கறுப்புக் கோடு தெரியலாம். செட்டை எண்டெனாவில் பிடித்துத் தூக்குகிறவர்கள் கையில் இது கட்டாயம் நடக்கும். கோடு இருந்தால் பழைய சோல்டரை எடுத்துவிட்டுப் புதிதாக வையுங்கள். அடுத்தது பேச்சுப் பொத்தானின் ரப்பர். தூக்கினால் அடியில் போர்டில் இரண்டு செப்புச் சீப்புகள் ஒன்றுக்குள் ஒன்று கோர்த்த மாதிரி இருக்கும், நடுவில் பச்சையாகப் பூத்திருந்தால் பொத்தான் அமுங்கியபடியே இருப்பதாக செட் நினைத்துக்கொண்டு அனுப்பிக்கொண்டே இருக்கும், சத்தம் எப்படி வரும்? ஐசோபுரொப்பில் அல்கஹோல் தொட்ட பஞ்சால் துடைத்துக் காய விடுங்கள். கத்தியால் சுரண்ட வேண்டாம், செப்பு போய்விடும். பிறகு ஸ்பீக்கரை மீற்றரில் ஓம் வைத்துப் பாருங்கள், எட்டு ஓம் ஸ்பீக்கர் ஏழு, எட்டு காட்டும், திறந்த சேர்கிட் காட்டினால் ஸ்பீக்கர் முடிந்தது. இயர்ஃபோன் சொருகும் துளைக்குள் அழுக்கு இருந்தாலும் ஸ்பீக்கர் துண்டிக்கப்பட்டே கிடக்கும், அதையும் பாருங்கள். ஸ்குவெல்ச் மிக இறுக்கமாக வைக்கப்பட்டிருந்தாலும் செட் ஊமையாகத்தான் இருக்கும். சிக்னல் இல்லாதபோது வரும் இரைச்சலை அடைப்பதுதான் அதன் வேலை, முழுவதும் திறந்தால் 'ஷ்ஷ்' என்று கேட்க வேண்டும். அது கேட்டால் உங்கள் செட்டுக்கு உயிர் இருக்கிறது.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். பேச்சுப் பொத்தானை அமுக்கவே வேண்டாம். அனுமதி ஒரு காரணம். எண்டெனா இல்லாமல் அனுப்பினால் பவர் ட்ரான்சிஸ்டர் போய்விடக்கூடும் என்பது இன்னொரு காரணம்.

பொகவந்தலாவைக்காரன்

இவ்வளவு நாளும் பேசுவதற்குப் பழக்கம் எதற்கு, பொத்தானை அமுக்கிப் பேசினால் சரி என்றுதான் நினைத்தேன். ஊவா அண்ணே, பேசும் முறையைப் பற்றியும் கொஞ்சம் சொல்லுங்கள்.

ஊவா அலைவரிசை

பொத்தானை அமுக்கி ஒரு விநாடி பொறுத்துத்தான் வாயைத் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் சொல் வெட்டுப்படும். 'வராதீர்கள்' என்பதை முதலில் வைத்து அது வெட்டுப்பட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். கூப்பிடுகிறவர் பெயர் முதலில், உங்கள் பெயர் அடுத்து. மைக்கை நான்கு விரல் தள்ளி வைத்து, அதன் மேல் ஊதாமல் குறுக்காகப் பேசுங்கள். கத்தினால் குரல் உடையும், தெளிவு குறையும்.

செட் கொண்டுபோவது 300 முதல் 3000 ஹேர்ட்ஸ் வரையான குரல்தான். அதில் ஒன்பதும் எண்பதும், ஐந்தும் ஐம்பதும் குழம்பும். எண்ணை ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லுங்கள், 'எட்டு, சைபர்' என்று. கேட்டவர் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். 'மேல் லயத்தில் எட்டு சைபர் பேர், ஓவர்' என்று திரும்பி வந்தால்தான் செய்தி போய்ச் சேர்ந்தது என்று கணக்கு. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்குப் பேசுகிற ஃபோன் எங்கே வேலை செய்கிறதோ அங்கே ஒரு செட் இருக்க வேண்டும் என்பதையும் உங்கள் திட்டத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

தலவாக்கலை மாணவி

மலையே வேண்டாம், மேலே அனுப்பி வானத்திலிருந்து கீழே இறக்கலாம் என்று ஒரு இடத்தில் வாசித்தேன். உண்மையா?

ஊவா அலைவரிசை

உண்மை, எனக்கு மிகப் பிடித்த விஷயம் இது. 7 மெகாஹேர்ட்ஸ் பக்கத்தில், இருபது மீற்றர் நீளக் கம்பியைத் தாழ்வாக, படுக்கையாகக் கட்டினால் அலை நெட்டுக்குத்தாக மேலே போய் வானத்தின் உயரத்தில் மின்னேற்றம் உள்ள அயன மண்டலத்தில் பட்டு மழை மாதிரி இறங்கும். பகலில் இருநூறு முந்நூறு கிலோமீற்றர் வட்டத்துக்குள் எந்தப் பள்ளத்தாக்கில் இருந்தாலும் கேட்கும், மஸ்கெலியாவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கே பேசலாம். அங்கே குரலுக்கு எஸ்எஸ்பி, அதாவது ஏஎம் அலையின் ஒரு பக்கத்தை மட்டும் அனுப்பும் முறை. இந்தியாவின் அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் என்ற செட்டைத் தேடிப் பாருங்கள், கடையில் கிடைக்கும் சாதாரண ட்ரான்சிஸ்டர்களும் ஒரு ஐஆர்எஃப் 510 பவர் ட்ரான்சிஸ்டரும் வைத்தே அனுப்பவும் கேட்கவும் ஒரே பாதையைப் பயன்படுத்தியிருப்பார். படம் பார்த்துப் புரிந்துகொண்டாலே பரீட்சையில் பாதி முடிந்தது.

நோர்வூட் தம்பி

செட்டைத் திறந்தேன். பட்டறை அண்ணன் சொன்ன பச்சை அப்படியே இருந்தது. துடைத்ததும் 'ஷ்ஷ்' கேட்கிறது! இனி கூரையில் வைக்க எண்டெனா. கேட்பதற்கு மட்டும் என்ன கட்டலாம்?

ஹட்டன் பட்டறை

பாக்கியம் தம்பி. 300ஐ மெகாஹேர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம், 145க்கு இரண்டு மீற்றருக்குக் கொஞ்சம் மேலே. அதில் கால்வாசி, கம்பிக்கு ஐந்து வீதம் கழித்தால் 49 சென்ரிமீற்றர். வீட்டு வயரிங் செப்புக் கம்பியில் ஐந்து துண்டு வெட்டுங்கள். ஒன்று நட்டுக்குத்தாக, கேபிள் மாட்டும் சதுர சொக்கெட்டின் நடுவில், நான்கு அதன் நான்கு மூலைத் துளைகளில். நான்கையும் 45 பாகை கீழே வளைத்தால் 50 ஓம் கேபிளுக்குப் பொருந்தி வரும். கேபிளை முடிந்தவரை குட்டையாக வையுங்கள், மெல்லிய ஆர்ஜி 58 முப்பது மீற்றர் ஓடினால் பாதிக்கு மேல் கேபிளிலேயே போய்விடும். சொக்கெட்டுக்குள் தண்ணீர் இறங்காமல் அடியில் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, அதன் மேல் சாதாரண டேப் சுற்றுங்கள். கேபிள் வீட்டுக்குள் நுழையும் முன் கீழே ஒரு வளைவு தொங்க வேண்டும், மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். இடி வரும் போலத் தெரிந்தாலே, இடிக்கத் தொடங்கும் முன் கேபிளைக் கழற்றி வெளியே போடுங்கள், உங்கள் மேல் டிவிஷனில் அதுதான் முதல் வேலை.